என் மீது நானே கொடுத்த புகார்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஆரணியில் என் குரலிடமிருந்து என்னாலேயே தப்பிக்க முடியாது. காய்கறி வாங்கப் போனால் பின்னால் வருகிறது. தேவிகாபுரம் பஸ்ஸுக்கு நின்றால் எதிரே வந்து நின்று கத்துகிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் ஜன்னல் வழியாக நுழைந்து, "தாய்மார்களே!" என்று என்னையே கூப்பிடுகிறது. ஆட்டோவின் தலையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள், முதுகில் பட்டுப்புடவை கட்டிய பெண்ணின் படம், உள்ளே வெற்றிலை மென்றுகொண்டு ஒரு டிரைவர். படத்தில் சிரிப்பவள் நானில்லை. சத்தம் மட்டும்தான் நான்.

இந்த விளம்பரக் குரல் வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஆண்டு விழாவில் மைக் மக்கர் செய்தபோது, மைக் இல்லாமலேயே எல்லா நிகழ்ச்சிகளையும் அறிவித்துத் தீர்த்தேன். விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தவர் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். பஜாரில் அவருக்குக் கடை. மாடியில் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி ஒரு சின்ன அறை வைத்திருந்தார். அதற்கு ரெக்கார்டிங் தியேட்டர் என்று பெயர். "மேடம், உங்க தொண்டை ஒரு சொத்துங்க. பசங்கள அதட்டியே அத்த வேஸ்ட் பண்ணிகினு கீறீங்களே," என்றார். பள்ளியில் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் விளம்பரம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு. பதிவு செய்ததை ஆட்டோவில் போட்டு ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். பஜாரில் நன்றாகக் கேட்டது. பவர்லூம் ஓடும் தெருக்களில் நுழைந்ததும் ஒன்றும் விளங்கவில்லை. அங்கே வீட்டுக்கு வீடு எந்திரம் அடித்துக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் என் குரல் கரைந்து போனது. ஜவுளிக்கடைக்காரர் இன்னும் சத்தமாகப் பேசச் சொன்னார். ஆட்டோவில் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

நான் தறி வீட்டில் பிறந்தவள். தறி வீட்டில் யாரும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச மாட்டார்கள். கத்தினால் தொண்டைதான் கட்டும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. மிதித்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடி, பலகை வந்து அடிப்பதற்குள் ஒரு மூச்சு. பேச வேண்டியதை அதில் வைத்துப் பேசுவோம். சமையலறையிலிருந்து அம்மா கேட்பதும், தறியிலிருந்து அப்பா பதில் சொல்வதும் அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். வெளியூரில் கல்யாணம் செய்துகொண்டு போன எங்கள் பெண்களைப் பார்த்து, "ஏன் இழுத்து இழுத்துப் பேசறே?" என்று மாமியார்கள் கேட்பார்கள். இதுதான் காரணம்.

நான் அந்தத் தாளத்தில் விளம்பரத்தைப் பேசிக் கொடுத்தேன். "தாய்...மார்...களே! ஆடித் தள்ளுபடி, அதிரடித் தள்ளுபடி! வாருங்கள், வாருங்கள், அள்ளிச் செல்லுங்கள்! இந்தச் சலுகை சில நாட்களுக்கு மட்டுமே!" ஒவ்வொரு சொல்லையும் தறியின் அடிகளுக்கு நடுவே நுழைகிற மாதிரி வெட்டியும் இழுத்தும் வைத்தேன். எனக்குத் தெரிந்தது கைத்தறியின் தாளம்தான். ஆனால் பவர்லூம் தெருவிலும் அது எப்படியோ சந்து கண்டுபிடித்து உள்ளே போய்விட்டது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் ஆட்டோ பின்னாலேயே பைக்கில் போய்க் கேட்டுவிட்டு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த ஆடிக்கும் என் குரல், தீபாவளிக்கும் என் குரல். செருப்புக்கடையும் பர்னிச்சர் கடையும்கூட அதே இழுவையில் கேட்டன. பள்ளி வேலையை விட்டேன். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் இப்போது கூசுகிறது.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு கைத்தறி, ஒரு புருஷன் பெண்டாட்டி; அண்ணன், அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். அண்ணன் நெய்வார், அக்கா தார் சுற்றிக் கொடுப்பார். நாடாவுக்குள் வைக்கிற நூலைத்தான் தார் என்போம். தார் தீர்ந்ததும் அண்ணன் தறிக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அக்கா எழுந்து போவார். சாப்பாடு வேண்டுமென்றாலும் தண்ணீர் வேண்டுமென்றாலும் அதே தட்டுதான். எது வேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவருமே அதிகம் பேசாதவர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அவர்கள் குடும்பம் நடத்துவது முழுக்கத் தட்டுகளாகத்தான் கேட்கும்.

போன பங்குனியில் அண்ணன் தறியில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். காலுக்குத் தெம்பு மெல்லத் திரும்பியது. வலது கைக்குப் பாதிதான் திரும்பியது. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். பதில் வாய்வரைக்கும் வந்து நின்றுவிடும்.

அவர்களுக்குத் துணையாக ஒருமுறை நானும் வேலூருக்குப் போனேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் இளவயதுக்காரி, பொறுமைசாலி. வீட்டில் டிவி போடாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசாதீர்கள், சுற்றிலும் சத்தம் இருந்தால் அவரால் சொல்லைப் பிடிக்க முடியாது, ஒரு பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்டுவிட்டு அவர் முயலும்வரை காத்திருங்கள் என்றாள். பிறகு அக்காவிடம், "உங்களை இவர் எப்படிக் கூப்பிடுவார்? அந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம்," என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "கூப்ட மாட்டாரும்மா. தட்டுவாரு," என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். பேரும் கிடையாது, 'இந்தா' என்பதுகூடக் கிடையாது, தறிக் கட்டையில் தட்டுவதுதான் என்றேன். அப்படியென்றால் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்றாள் அவள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார். "இத்தினி வருசம் தட்டித்தான் கூப்ட்டாரு டீச்சர். அப்போ ஒண்ணும் தெரியல. இப்போதான், வாயால ஒரு தபா எதுனா சொல்லிட்டா தேவலாம்னு கீது. இன்னா வார்த்தையானா இருக்கட்டும். அவரா சொல்லணும்."

ஆடி வந்தது.

காலையில் வேலையெல்லாம் முடிந்ததும் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். தறி மேல் பழைய போர்வையைப் போர்த்தி வைத்திருந்தார்கள். "இது இன்னாங்க? சொல்லுங்க, இது இன்னா?" பிறகு காத்திருப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். அண்ணன் முயல்வது கேட்கும். "த... த..." என்று வரும். இன்னும் கொஞ்சம்தான், சொல்லிவிடுவார் என்று இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஆட்டோ திரும்பும். "தாய்...மார்...களே!"

முதல் நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, வேறு யாரோ செய்த அநியாயம் போல. இரண்டாம் நாள் காதைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள், "த... த..." என்று போராடிக்கொண்டிருந்த அண்ணன், ஆட்டோ போன பிறகு, சுத்தமாக, தெளிவாகச் சொன்னார்: "தாய்...மார்...களே."

அக்கா ஓடி வந்தார். "பேசிட்டாரு டீச்சர், ஜல்தியா வா," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா டம்ளரைக் காட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். என் இழுவை, நான் மூச்சு விடுகிற இடம், கடைசியில் நான் லேசாக ஏற்றுகிற ராகம், எல்லாம் அப்படியே வந்தது. என் குரலை ஓர் ஆணின் வாயில் கேட்டது அதுதான் முதல் முறை. உட்கார இடம் தேடினேன்.

அதற்குப் பிறகு மற்றவையும் வந்தன. மடை திறந்த மாதிரி வந்தன என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் எல்லாம் ஒரே கடையின் தண்ணீர். சோறு போடட்டுமா என்று கேட்டால் "அள்ளிச் செல்லுங்கள்". டாய்லெட்டுக்குப் போக வேண்டுமென்றால் "வாருங்கள், வாருங்கள்". சொல்ல நினைத்தது வேறு என்பது அவருக்கே தெரியும். சொல்லி முடித்ததும் தலையை ஆட்டுவார், கையால் கட்டிலை அடிப்பார். மறுபடி முயன்றால் மறுபடி அதுவே வரும். தெருவில் விஷயம் பரவியது. பார்க்க வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்கள். சிலர் அடக்கவும் இல்லை. முள்ளிப்பட்டிலிருந்து அவருடைய தங்கை மாப்பிள்ளை வந்து, "எப்டி கீறீங்க மச்சான்?" என்று கேட்டார். அண்ணன் அவர் கண்ணைப் பார்த்து, "சில நாட்களுக்கு மட்டுமே," என்றார். வந்தவர் அங்கேயே அழுதுவிட்டார்.

அக்கா முதலில் எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பது நின்றது. ஒரு நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்த ஆட்டோவ மட்டும் நம்ம தெரு பக்கம் வர வேணாம்னு சொல்ல முடியுமா டீச்சர்? பெரிய பேஜாரா கீது. அவரு வாயில வர்றதுக்கு முன்னாடி அது சொல்லிடுது," என்றார்.

"என்னாலதான் அக்கா எல்லாம்," என்றேன்.

"நீ இன்னா பண்ணுவே? எழுதிக் குடுத்தாங்க, படிச்சே."

நான் விடவில்லை. தறித் தாளத்தில் பேசிய கதையை அவரிடம் சொன்னேன். வேறு யார் குரலாவது என்றால் அண்ணன் காதோடு போயிருக்கும். நான் தெரிந்தே தறியின் இடைவெளியில் சொல்லை வைத்தேன். ஆயுசு முழுக்கத் தறியில் உட்கார்ந்தவர் உடம்பில் அந்த இடம் எப்போதும் திறந்தே இருக்கும். மூளை மற்றதையெல்லாம் தொலைத்துவிட்டு நிற்கும்போது என் விளம்பரம் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அக்கா கேட்டுவிட்டு, "கெட்டிக்காரிதான் நீ," என்றார். கிண்டல் துளிகூட இல்லை. நான் வெட்கத்தில் செத்தேன்.

மறுநாள் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். அவர் பரிதாபப்பட்டார். ஆனால் எந்தெந்தத் தெரு என்பதை ஜவுளிக்கடைதான் முடிவு செய்கிறது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். "உங்க தெருவுல கல்யாணத்துக்குப் பொண்ணுங்க நெறைய கீதாம் மேடம். அத்தான் அங்கயே சுத்த சொல்றாங்க." டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். நல்ல மனிதர், எங்கள் தெருவில் நுழைந்ததும் சத்தத்தைக் குறைத்தார். கடையிலிருந்து பைக்கில் பின்னாலேயே வந்து சோதிக்கிற ஆள் பார்த்துவிட்டான். அடுத்த நாள் முன்பைவிடக் கூடுதலாகவே கத்தியது.

கடைசியில் ஒரு மனு எழுதினேன். கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. போலீஸ் அனுமதி இல்லாமல் எந்த ஒலிபெருக்கியும் வைக்கக் கூடாது. இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கூம்பைக் கட்டுவோம். தெருவில் எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. தறியை விட்டு எழ முடியாதாம். நான் மட்டும் போனேன்.

எஸ்.ஐ. மனுவைப் படித்துவிட்டு, "ஊருக்குள்ள விளம்பர ஆட்டோ நெறைய சுத்துதும்மா. இது எது?" என்று கேட்டார்.

"ஜவுளிக்கடை ஆட்டோ சார். ஆடித் தள்ளுபடி."

"எல்லாக் கடையும் ஆடித் தள்ளுபடிதானே போடறான். என்ன சொல்றான் அதுல?"

நான் சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அந்த வரிகளை நான் வேறு மாதிரி சொல்லிப் பழகவில்லை. ஸ்டேஷன் நடுவில் நின்று, "தாய்...மார்...களே!" என்று ஆரம்பித்ததும் பின்னால் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு எழுந்து நின்றுவிட்டார். "சார், இந்தம்மாதான் சார் அது!" உள்ளேயிருந்து இரண்டு பெண் காவலர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்ஃபி எடுக்கலாமா என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். "ஏம்மா, உங்க மேலயே நீங்க கம்ப்ளைன்ட் குடுக்க வந்திருக்கீங்களா?"

"ஆமா சார். என் பேரையே எழுதிக்குங்க," என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னார். பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொன்னேன். ஏட்டு எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். அத்தனை நாளும் ஆட்டோ அந்த ஸ்டேஷன் வாசலிலும் போய்க்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் அதைத் தடுக்கத் தோன்றவில்லை, அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

பார்த்துக்கொள்கிறேன் என்ற எஸ்.ஐ. சொன்னபடி செய்தார். கடைக்காரர்களையும் டிரைவர்களையும் கூப்பிட்டு, கூம்புகளைக் கழற்றச் சொல்லி, மெயின் ரோட்டில் மட்டும் பெட்டி ஒலிபெருக்கியில் அளவான சத்தத்தோடு போக வேண்டும், குடியிருப்புத் தெருவுக்குள் நுழைந்தால் ஆட்டோவைப் பிடித்துப் போடுவேன் என்றார். அந்த வாரமே எங்கள் தெரு அமைதியானது. அமைதி என்றால் தறிச் சத்தம் மட்டும் கேட்கிற அமைதி. கையெழுத்துப் போட்டவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என்னிடம் பேசுவதை விட்டார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பாவத்தைக் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. ஆவணி பிறந்த பிறகு அக்கா வந்தார். இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஆட்டோ நின்னதிலிருந்து அவரு வாயே தொறக்கல டீச்சர்."

"தண்ணின்னு சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல. 'த'ன்னு கூட வரல. சும்மா பாத்துகினு கீறாரு. முன்னாடியாவது எதுனா ஒண்ணு வந்துகினு இருந்துச்சு. சிரிச்சாங்க, பரவால்ல, ஆனா ஊட்ல ஒரு சத்தம் இருந்துச்சு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "நான்தான் நிக்க வச்சேன். நான் சொல்லாம இருந்தா நீ போயிருக்க மாட்டே."

அவரும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டும் நான்தான் கெடுத்தேன், சத்தத்தை நிறுத்தியும் நான்தான் கெடுத்தேன். ஒரு மனுஷி எத்தனை வழியில்தான் ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட முடியும்? அப்படித்தான் நினைத்தேன், அந்தச் சொற்களிலேயே.

வேலூருக்கு போன் போட்டோம். பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையாகக் கேட்டாள். சிலருக்குத் தனிச் சொல் வராது, ராகத்தோடு சேர்ந்தால் வரும், அதை வைத்தே பிடிக்கலாம், ராகம் அதுவே இருக்கட்டும், சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள் என்றாள். அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கத் தயங்கினார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே, "காலையில வரேன் அக்கா," என்றேன்.

தினமும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "தண்...ணீ...வேணும்" என்று விளம்பரக் குரலில் இழுப்பேன். "சா...தம்...போடு." "படு...க்க...ணும்." அக்கா என்னுடன் சேர்ந்து மெதுவாக வாயசைப்பார். அவர் குரல் வெளியே வராது. அண்ணன் என்னைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், போர்த்திய தறியைப் பார்ப்பார். உதடு பிரியாது. இவ்வளவு நாள் ஊரையே கூவிக் கூப்பிட்ட குரல் ஒரே ஒருவரை எழுப்ப முடியாமல் அந்த அறைக்குள் முட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாளும் எழுந்து வரும்போது அக்கா, "நாளைக்கு வா டீச்சர்," என்பார். வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்றும் இருக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயமாக இருக்கும்.

ஒரு நாள் அக்கா சொன்னார். "மாத்தி மாத்தி சொல்றதால அவருக்கு அடையாளம் தெரியல போல கீது. அந்தப் பழசையே சொல்லேன். முழுசா சொல்லு, ஆட்டோல வர்ற மாதிரி."

"வேணாம் அக்கா. மறுபடி அதுவே ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். ஒண்ணுமில்லாததுக்கு அது தேவல."

நான் தயங்கினேன். அந்த வரிகளை இனி வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, "தாய்...மார்...களே!" என்று தொடங்கினேன். சின்ன அறை. ஓடு வேய்ந்த கூரை. சத்தம் எனக்கே காதில் அறைந்தது. அண்ணனின் முகம் சுருங்கியது. அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். ஆடித் தள்ளுபடி, அதிரடித் தள்ளுபடி. அவர் கண்ணை மூடினார். வாருங்கள், வாருங்கள். இடது கை மெல்ல மேலே எழுந்தது, உள்ளங்கை என் பக்கம் திரும்பியது. அள்ளிச் செல்லுங்கள் என்பதில் நான் பாதியில் இருந்தேன்.

"நி... நிறுத்தும்மா," என்றார் அண்ணன்.

அது என் இழுவை இல்லை. என் ராகம் இல்லை. கரகரத்த, களைத்துப்போன, பங்குனிக்கு முன்னால் நான் சுவர் வழியாக எப்போதாவது கேட்டிருந்த அவருடைய சொந்தக் குரல்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஊரில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து என் குரலைக் கேட்டு இதைச் சொல்லியிருப்பார்கள். ஆட்டோவுக்குக் காது கிடையாது, அதனால் எனக்கும் கேட்டதில்லை. நேராக என் முகத்துக்கு எதிரே சொன்னவர் இவர் ஒருவர்தான், அதுவும் பேச்சே போன பிறகு. இன்னொன்றும் தோன்றியது. அக்கா இத்தனை மாதமாகத் தவம் கிடந்தது அந்த ஒரு சொல்லுக்கு. அவராகச் சொல்லும் சொல். அது வந்தது, வந்ததும் என்னிடம் வந்தது. அதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்கண்ணா," என்று எழுந்தேன். இனி இந்த வீட்டுக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தபடி வாசலைப் பார்த்தேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். அவர் கன்னம் இரண்டும் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் யாரிடம் வந்தது என்ற கணக்கெல்லாம் அவரிடம் இல்லை. "கேட்டியா? அவரா சொன்னாரு. அவருதான் சொன்னாரு," என்றார். பிறகு அண்ணன் பக்கம் குனிந்து, "இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க," என்றார்.

அண்ணன் முயன்றார். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையை விடாமலே, "நீ பேசு டீச்சர்," என்றார். "நீ பேசினாத்தான் வரும். சத்தமா பேசு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அக்கா சொன்னது அவருக்கு முழுக்கப் புரிந்திருந்தது. வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார், ஆனால் கண் என்மேலேயே இருந்தது. நான் திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் என்னை நிறுத்தச் சொல்வதற்காக மறுபடியும் ஆரம்பித்தேன்.